ஹீட்டர் விசிறியும் அதன் சத்தமும்

கார் ஹீட்டரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. எஞ்சினைச் சுற்றிவந்த வெந்நீர் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடும். அதன் வழியே காற்றைத் தள்ள ஒரு மின்விசிறி இருக்கும். காற்றைக் காலுக்கோ முன்கண்ணாடிக்கோ திருப்பிவிட இரண்டு மூன்று தகடுக் கதவுகள் இருக்கும். இவற்றுள் ஓயாமல் சுழல்வது விசிறி ஒன்றே. கீச்சிடுவதும் தடதடப்பதும் பெரும்பாலும் அதுவே. இந்தச் சத்தத்தை நிறுத்தும் வேலை ஒரு காலத்தில் இரண்டு சொட்டு எண்ணெயோடு முடிந்தது. பிற்பாடு சில கார்களில் அதே வேலை ஒரு முழு நாளை விழுங்கியது. இடையில் பெரிதும் மாறியது விசிறியின் இடம். துணைப்பொருளாகக் காருக்குள் வந்து தொங்கிய விசிறி, மெல்ல மெல்ல டேஷ்போர்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மோட்டார் கார் புதிதாக வந்த நாளில் அதைச் சூடாக்கும் பேச்சே எழவில்லை. கூரையும் சுவரும் இல்லாத வண்டியில் எதைச் சூடாக்குவது? குதிரை வண்டிக் காலத்துப் பழக்கங்களே காருக்கும் வந்து சேர்ந்தன. மடியில் தோல் விரிப்போ கம்பளியோ கிடக்கும். காலடியில் அடுப்பில் சுட்டெடுத்த செங்கல்லோ, கல்சட்டி செய்யும் மாக்கல்லின் பலகையோ இருக்கும். வசதி உள்ளவர்கள் கரி கனலும் தகரப் பெட்டிக்குக் கம்பள உறை போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொண்டார்கள். கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் என்று சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸின் பெயர் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1893-இல் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பில் ‘கார்’ என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்நாளைய அமெரிக்க வழக்கில் அச்சொல் ரயில் பெட்டியைக் குறித்தது; அவர் சூடாக்க முனைந்ததும் ரயில் பெட்டியைத்தான். ஒரு சொல்லின் பொருள் நகர்ந்ததால் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்த கதை அது.

ஹீட்டருக்கு வழி திறந்தது மூடிய உடல் கொண்ட கார். 1919-இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் நிலையான கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் இருந்தன. 1927-இல் அது பத்தில் எட்டைத் தாண்டிவிட்டது. பெட்டி மூடியதும் உள்ளே இருப்பவருக்கு வெப்பம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. முதலில் கைக்கு எட்டியது புகைக்குழாய். எஞ்சினைவிட்டு வெளியேறும் புகை மிகுந்த சூடானது. அந்தக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, ரேடியேட்டர் விசிறி தள்ளும் காற்றை அதனுள் செலுத்தி, தரையில் ஒரு துளை வழியாக உள்ளே விட்டார்கள். ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ கார்களுக்கு இவ்வகை ஹீட்டர்கள் கடைகளில் தாராளமாக விற்றன. இதற்குத் தனி விசிறி இல்லை. ஆகவே விசிறிச் சத்தமும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. குழாயில் சிறு வெடிப்பு விழுந்தாலும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து உள்ளே வரும். வண்டி நின்றால் வெப்பமும் குறைந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீரின் வழியாக வீணாகிறது. அந்த நீரில் ஒரு பகுதியைக் காருக்குள் கொண்டுவரும் யோசனை 1920-களின் பிற்பகுதியில் பரவியது. அதற்குத் துணையாக 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் உறைதடுப்பு நீர்மம் கடைக்கு வந்தது. அதுவரை ரேடியேட்டரில் ஊற்றிவந்த ஆல்கஹால் சூட்டில் ஆவியாகிப் போகும், நாறவும் செய்யும். கிளைகால் கொதிக்காமல் நின்றது. எஞ்சின் நீரைச் சுடச்சுட வைத்துக்கொள்ள முடிந்ததும் ஹீட்டருக்கு வேண்டிய வெப்பம் கிடைத்தது.

ஆனால் வெந்நீர் தானாகக் காற்றைத் தள்ளாது. அதனால் இந்தப் புது ஹீட்டரோடு ஒரு மின்விசிறியும் கூடவே வந்தது. அமெரிக்காவில் ஆர்வின், டிராபிக்-ஏர், ஹேடீஸ் என்று பல பெயர்களில் இவை விற்றன. ஹேடீஸ் என்பது கிரேக்கரின் பாதாள உலகம்; சூட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு பெட்டி, பயணி முழங்காலுக்கு எதிரே எஞ்சின் தடுப்புத் தகட்டில் தொங்கும். உள்ளே கைக்கடக்கமான ரேடியேட்டர், அதன் பின்னால் நாலைந்து இறக்கை கொண்ட விசிறி, முன்னால் திறந்து மூடும் சிறு கதவுகள். ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடிய அந்த மோட்டார் காதுக்கு அருகிலேயே இரைந்தது. எஞ்சினும் கியரும் போட்ட கூச்சலில் அது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை.

இந்தத் தலைமுறை விசிறியைச் சரிசெய்வது எளிது. மோட்டாரின் இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்கள். அவற்றின் மேல் எண்ணெய் விட ஒரு துளை அல்லது மூடியிட்ட சிறு கிண்ணம். அதற்கடியில் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் கம்பளித் திரி. குளிர்காலம் தொடங்குமுன் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் அந்த ஆண்டுக்குப் போதும். மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. எண்ணெய்க்கு அடங்காவிட்டால் நாலு மரையைக் கழற்றிப் பெட்டியையே இறக்கி, மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ்ஷை மாற்றி, அது உரசும் கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் துடைத்து மறுபடி மாட்டலாம். கார் வைத்திருப்பவரே வீட்டு வாசலில் செய்த வேலை அது.

வெந்நீரைச் சாராத இரண்டு வழிகளும் அக்காலத்தில் இருந்தன. சிகாகோவின் ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனம் 1930-களில் விற்ற சவுத் விண்ட், எஞ்சின் சூடாகக் காத்திராமல் தனியே பெட்ரோலை எரித்துச் சூடு தந்தது. அதிலும் காற்றைத் தள்ள விசிறி வேண்டியிருந்தது, ஆனால் வெந்நீர் வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலோ குளிர்விக்கும் நீரே கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் பெரிய விசிறியே புகைக்குழாய் உறைகளின் வழியாகக் காற்றை உள்ளே ஊதியது. அதற்குக் கீச்சிட ஹீட்டர் மோட்டார் இல்லை; எஞ்சின் மெல்ல ஓடும்போது சூடும் அவ்வளவாக வராது.

1938-இல் நாஷ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு இந்த வரலாற்றின் திருப்பம். அதற்கு முந்தைய வெந்நீர் ஹீட்டர்கள் காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின. மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து வெளியே பார்க்க முடியாமல் போகும். நாஷ் பொறியாளர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு வாயைத் திறந்து வெளிக்காற்றை எடுத்து, வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் உள்ளே தள்ளினார்கள். காருக்குள் அழுத்தம் சற்றே கூடியதால் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைவதும் குறைந்தது. மறு ஆண்டில் வெப்பநிலையைத் தானே காக்கும் கட்டுப்பாட்டைச் சேர்த்து அதற்கு ‘வெதர் ஐ’ என்று பெயரிட்டார்கள். இன்றைய கார்கள் அனைத்தும் அடிப்படையில் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் கண்ணாடிக்குக் கீழே திறந்த வாய், காற்றோடு சேர்த்து இலை, சருகு, ஊசியிலை, மழைநீர் ஆகியவற்றையும் விழுங்கத் தொடங்கியது. விசிறியில் சருகு சிக்கிச் சடசடக்கும் தொல்லைக்கு அடிப்படை இதுதான்.

வெளிக்காற்றைக் குழாய்கள் வழியாகத் தள்ள இறக்கை விசிறிக்குப் போதிய அழுத்தம் இல்லை. அந்த இடத்துக்கு வந்தது உருளை விசிறி. வட்டமாக நிறுத்தி வைத்த சீப்பைப் போல, சுற்றிலும் நெருக்கமாகக் குட்டையான வளைந்த தகடுகள்; காற்று நடுவிலிருந்து நுழைந்து விளிம்பு வழியாக வீசப்படும். மேற்கில் இதை அணில் கூண்டு என்பார்கள். இதன் பிறப்புக்கும் தேயிலைக்கும் உறவு உண்டு.

சாமுவேல் கிளேலண்ட் டேவிட்சன் வட அயர்லாந்துக்காரர். 1864-இல், பதின்ம வயதில், அசாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். பறித்த கொழுந்தைக் கரியடுப்பின் மேல் தட்டுகளில் பரப்பிக் காயவைத்த காலம் அது. புகை பிடித்தும் கருகியும் இலை வீணானது. டேவிட்சன் சூடான காற்றை இலைக்குள் செலுத்தி உலர்த்தும் இயந்திரங்களை அமைத்தார். சகாராவிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயரால் அவற்றை ‘சிராக்கோ’ என்றழைத்தார். 1881-இல் பெல்ஃபாஸ்டில் சிராக்கோ தொழிற்சாலை எழுந்தது. அவருடைய உலர்த்திகள் அசாமில் மட்டுமன்றி இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் ஓடின. தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்து அந்தக் காற்றில் உலர்ந்தது. உலர்த்திக்கு இன்னும் மிகுதியான காற்று வேண்டும் என்ற தேவை அவரை விசிறியின் பக்கம் திருப்பியது. அக்கால விசிறிகளில் நீண்ட இறக்கைகள் சில மட்டும் இருந்தன. டேவிட்சன் அவற்றைக் குட்டையாக்கி, எண்ணிக்கையைப் பெருக்கி, சுழலும் திசையை நோக்கி வளைத்தார். 1898-இல் உருவான அந்த வடிவம், சிறிய அளவில், குறைந்த வேகத்தில், பெருமளவு காற்றைத் தந்தது. வேகம் குறைந்ததால் இரைச்சலும் தணிந்தது. சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போன அந்த விசிறியின் சிற்றுரு, பிற்காலத்தில் கார் ஹீட்டரில் குடியேறியது. வெங்காற்று தள்ளப் பிறந்தது மறுபடியும் வெங்காற்று தள்ளும் வேலைக்கே வந்தது என்று சொல்லலாம்.

உருளை விசிறிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் எடை முழுவதும் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கத் தகடுகளுக்கிடையே சிறு இலை ஒட்டிக்கொண்டாலும் சமநிலை கெட்டு டேஷ்போர்டே அதிரும். அதனால்தான் தொழிற்சாலையில் விளிம்பில் சிறு உலோகக் கிளிப்புகளை மாட்டிச் சமன்செய்து அனுப்புகிறார்கள். சுத்தம் செய்யும்போது அந்தக் கிளிப்பை அழுக்கென்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. சத்தம் முன்னைவிடக் கூடிவிடும்.

இதற்கிடையே எண்ணெய்த் துளை மறைந்தது. 1930-களின் தொடக்கத்தில் கிறைஸ்லர் நிறுவனம் ஆயிலைட் என்ற புஷ்ஷை அறிமுகம் செய்தது. செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அச்சில் அழுத்திச் சுட்டால் கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த வெண்கலம் கிடைக்கும். அதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். அதில் எண்ணெயை ஊறவைக்கலாம். தண்டு சுழலும்போது சூட்டில் எண்ணெய் விரிந்து மேலே கசியும்; நின்றதும் நுண்துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆயுள் முழுக்க எண்ணெய் விடவே வேண்டாம் என்பது இதன் பெருமை. மலிவும் கச்சிதமும் சேர்ந்ததால் ஹீட்டர் மோட்டார்களுக்கு இதுவே வழக்கமாயிற்று. எண்ணெய் தேவையில்லை என்றானபின் துளை எதற்கு? மோட்டாரை நாற்புறமும் மூடிவிட்டார்கள்.

ஆயுள் என்பது யாருடைய ஆயுள் என்ற கேள்வி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுந்தது. புஷ்ஷிலுள்ள எண்ணெய் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தைத் தூசி குடித்துவிடும். மிஞ்சியது கடுங்குளிரில் தடித்துத் துளைகளைவிட்டு வெளிவராது. உலர்ந்த புஷ்ஷில் தண்டு ஒட்டுவதும் வழுக்குவதுமாக நொடிக்குப் பல நூறு முறை அதிர, அது பறவைக் குஞ்சின் கீச்சொலியாகக் கேட்கும். குளிர் காலையில் முதல் சில நிமிடங்கள் கீச்சிட்டு, காருக்குள் சூடு ஏறியதும் தானே ஓய்ந்துவிடும் சத்தத்துக்கு இதுவே விளக்கம். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது சத்தமே கேட்காது என்ற புலம்பலும் இங்கிருந்துதான் வருகிறது.

ஹீட்டர் நெடுநாள் விருப்பப் பொருளாகவே இருந்தது. பிரிட்டனில் 1959-இல் வந்த மினியின் அடிப்படை மாடலில் ஹீட்டர் இல்லை. வேண்டுமானால் தனிக் காசு. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதிய பயணிகள் கார்களில் முன்கண்ணாடியின் பனியையும் ஈரத்தையும் நீக்கும் வசதி கட்டாயமாயிற்று. சட்டம் பேசியது கண்ணாடியைப் பற்றி. நடைமுறையில் அது ஹீட்டரையும் விசிறியையும் கட்டாயமாக்கியது. காரை வடிவமைக்கும்போதே ஹீட்டருக்கு இடம் ஒதுக்கும் வழக்கம் இதனால் உறுதிப்பட்டது. விசிறி எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பழுதுபார்ப்பவரின் வசதியைவிடக் காற்றுக்குழாயின் வளைவே தீர்மானித்தது.

அந்த இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. பல அமெரிக்கக் கார்களில் மோட்டார் பானெட்டுக்குள், எஞ்சின் தடுப்புத் தகட்டில் அரைவட்டமாகத் துருத்தி நிற்கும். ஐந்தாறு திருகுகளைக் கழற்றினால் விசிறியோடு கையில் வந்துவிடும். வேறு சிலவற்றில் சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகட்டை எடுத்தாலொழிய நெருங்க முடியாது. பின்னாளில் பெரும்பாலான கார்களில் பயணி பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் என்பது பொதுவான இடமாயிற்று. தலைகீழாகக் காலடிக்குள் நுழைந்து மூன்று திருகுகளைத் தேடுவது கழுத்துக்குக் கஷ்டமே தவிர, அரை மணி நேர வேலை.

இவற்றுக்கெல்லாம் மறு முனையில் நிற்பது வால்வோ 240. 1974 முதல் 1993 வரை வெளிவந்த அந்த ஸ்வீடன் காரும் அதன் உடன்பிறப்பான 260-ம் சேர்ந்து 25 லட்சத்துக்கும் மேல் தயாராயின. பனிநாட்டுக்குத் தக்கபடி அதன் ஹீட்டர் வலுவானது. டேஷ்போர்டின் நட்டநடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி; அதன் மையத்தில் மோட்டார்; இரு பக்கமும் நீளும் தண்டில் பக்கத்துக்கு ஓர் உருளை விசிறி. காற்று இருபுறமும் சமமாகப் பிரிய இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. ஆனால் மோட்டாரை எடுக்க வேண்டுமானால் நடுக்கன்சோல், ரேடியோ, குளோவ் பாக்ஸ், காற்றுக்குழாய்கள் என்று வரிசையாகக் கழற்றி, பெட்டியை இணைக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பெட்டியைப் பிளந்தாக வேண்டும். முதலில் மோட்டாரைத் தொங்கவிட்டு அதைச் சுற்றித்தான் இந்தக் காரைக் கட்டினார்கள் என்பது உரிமையாளர்களிடையே புழங்கும் நகைச்சுவை. எஞ்சின் லட்சக்கணக்கான மைல்கள் ஓடும். கையடக்க மோட்டாரின் புஷ் அதற்கு முன்பே காய்ந்துவிடும். கார் நீண்டநாள் வாழ்ந்ததே இந்தக் குறையை இத்தனை பேர் அறியக் காரணம். பொறுமை இல்லாதவர்கள் பெட்டியில் சிறு துளையிட்டு, ஊசிக்குழலில் மெல்லிய குழாய் மாட்டி, புஷ் இருக்கும் இடத்தைக் குறிவைத்து எண்ணெய் விட்டார்கள். தொழிற்சாலை அடைத்த துளையை உரிமையாளர் மறுபடி போட்டதுபோல ஆயிற்று. சில மாதங்களுக்கு அது அமைதி தரும்.

விசிறி கண்ணுக்கு மறைந்தபின் காதுதான் முதல் கருவி. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது சத்தமும் கூடிக் குறைந்தால் கோளாறு விசிறியில். காரின் வேகத்தோடு மாறினால் வேறெங்கோ. மெல்லிய வேகத்தில் கீச்சென்றால் புஷ் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக்கென்று தட்டினால் குச்சியோ சருகோ உள்ளே இருக்கிறது. வேகம் கூடக்கூட உறுமி அதிர்ந்தால் சமநிலை போயிருக்கிறது. எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. உரசும் ஒலி வந்தால் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது, உருளை தன் உறையில் படுகிறது. விசிறியை நிறுத்திய பின்னும் டேஷ்போர்டுக்குள் டக்டக்கென்று கேட்டால் அது பெரும்பாலும் காற்றுக் கதவைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல்சக்கரம் உடைந்த ஒலி. விசிறியைக் கழற்றிப் பயனில்லை.

சருகும் தூசியும் காரணமானால் துடைத்தாலே தீரும். காய்ந்த புஷ்ஷுக்கு மருந்து எண்ணெய்தான். எந்த எண்ணெய் என்பதில்தான் பலர் தவறினார்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தால் உடனே சத்தம் அடங்கும். அந்தத் திரவம் துளைகளில் மிஞ்சிய எண்ணெயையும் கரைத்துக்கொண்டு ஆவியாவதால் சில வாரங்களில் முன்னைவிட மோசமாகக் கத்தும். அனுபவசாலிகள் மோட்டாரைப் பிரித்து, புஷ்ஷைச் சுத்தம் செய்து, இளஞ்சூடான எண்ணெயில் சில மணி நேரம் ஊறவைப்பார்கள். துளைகளிலுள்ள காற்று வெளியேறி எண்ணெய் உட்புகும். புஷ் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் ஊறவைத்தும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். மோட்டாரையே மாற்றுவது மலிவாகிவிட்ட பிறகு இந்த வேலையைச் செய்பவர்கள் குறைந்தார்கள்.

1954-இல் அதே நாஷ் நிறுவனம் ஹீட்டரையும் ஏசியையும் ஒரே அமைப்பாக முன்பக்கத்தில் சேர்த்துக் காட்டியது. அதன்பின் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் ஒரே விசிறி என்பது வழக்கமாயிற்று. சென்னையிலோ மதுரையிலோ ஹீட்டர் குமிழைத் தொடாமலே காரை விற்றுவிடுபவர்கள் உண்டு; ஆனால் ப்ளோவர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் விசிறி அங்கே ஆண்டு முழுவதும் ஏசிக்காக ஓடுகிறது. வேப்பமரத்தடியில் நிறுத்திய காரின் ப்ளோவரில் வேப்பிலைச் சருகு சிக்குகிறது, கனடாவில் மேப்பிள் சருகு சிக்குவதுபோல. குளிரில் எண்ணெய் தடிக்கும் தொல்லை மட்டும் இங்கு இல்லை. அந்த இடத்தைத் தூசி பிடித்துக்கொண்டது.

1980-களின் இறுதியில் ஜெர்மன் கார்களில் தொடங்கி, அடுத்த பத்தாண்டில் பரவலான கேபின் ஃபில்டர், மகரந்தத்தைத் தடுக்க வந்தது. ஃபில்டர் விசிறிக்கு முன்னால் இருக்கும் கார்களில் அது சருகையும் தடுத்துவிட்டது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து விசிறி வெறும் இரைச்சலோடு சுழலும் என்பது புதிதாகச் சேர்ந்த குறை. பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்தபின் கார்பன் தேய்மானம் போயிற்று. மின்கார்களில் வீணாகும் எஞ்சின் சூடு இல்லாததால் மின்சாரமே காற்றைச் சூடாக்குகிறது, அல்லது வெப்பப் பம்ப் அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் காற்றைத் தள்ளுவது இன்னமும் டேவிட்சனின் உருளை விசிறிதான். எஞ்சின் ஒலி அடங்கிய அந்தக் கார்களில் அதன் சிறு முனகலும் தெளிவாகக் கேட்கிறது.